வேலம்மை அழுத சீன்

இல்லம்மா, ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க. எனக்குக் காத்து பட்டா தொண்டை போயிடும். தொண்டைதான் எனக்குச் சோறு போடுது.

நீ ஏன் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கறேன்னு தெரியும். கண்டக்டர்கிட்ட "சென்னை ஒண்ணு"ன்னு கேட்டேன் பாரு, அப்பவே உன் தலை திரும்பிச்சு. எங்கேயோ கேட்ட குரல்னு யோசிக்கறே. உன் ஃபோன்ல சின்னதா ஒரு கோட்டைப் படம் இருக்கே, அதை நானும் பாத்துட்டேன். கடல்வாசல் கேம்தானே? ரெண்டாவது பாகம்?

வேலம்மை நான்தான். "கதவை மூடுங்கடா, யார் வெளிய நின்னாலும் மூடுங்க!" ம், அதேதான். கத்திச் சொல்ல மாட்டேன், பஸ்ஸை நிறுத்திடப் போறாங்க.

சரி, நீ எந்தக் கட்சி? அந்த அழுகை நல்லாருக்குங்கற கட்சியா, நல்லால்லேங்கற கட்சியா? இரு, இப்ப சொல்லாதே. நான் சொல்லி முடிச்சப்புறம் சொல்லு. கடல்வாசல் ரசிகர் குரூப்ல நீயும் இருக்கியா? அங்க உன் பேர் என்ன? இல்லேன்னா சரி, இல்லேன்னே வச்சுக்குவோம். கேட்டு வச்சுக்கறது நல்லது. இந்தக் காலத்துல யார் எந்தப் பேர்ல உக்காந்திருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?

உனக்குக் கதை தெரியும். பின் சீட்டு அண்ணன் ரொம்ப நேரமா காதைக் குடுத்துட்டிருக்காரு, அவருக்காகச் சொல்லிடறேன். அண்ணே, இது கம்ப்யூட்டர்ல, ஃபோன்ல விளையாடற கேம். கடலோரத்துல ஒரு கோட்டை. அதுக்குத் தலைவி வேலம்மை. கப்பல்ல கொள்ளைக்காரங்க வராங்க. வேலம்மையோட மகன் நாகன், வலை போடப் போனவங்களைக் கூட்டிட்டு வர வெளிய ஓடியிருக்கான். அவன் திரும்ப ஓடி வரான், அவன் முதுகுக்குப் பின்னாடியே கொள்ளைக்காரங்க. வேலம்மை பாக்கறா. மகனா, ஊரா? கதவை மூடச் சொல்லிடறா. அவன் வெளிய நின்னு தட்டறான், "அம்மா, அம்மா"ன்னு. அத்தோட முதல் பாகம் முடிஞ்சுது. அந்த சீனுக்கு அழாத ஆள் இல்லை. வேலம்மை மட்டும் அழ மாட்டா.

ரெண்டாவது பாகத்துல, பன்னெண்டு வருஷம் கழிச்சு, நாகன் அதே கொள்ளைக்காரங்களுக்குத் தலைவனாகித் திரும்பி வரான். வேலம்மை கதவைத் திறந்து, தனியா மணல்ல நடந்து போய், அவன் கால்ல விழுந்து அழறா. "மூடினது என் கைதான்டா. மன்னிச்சிடுடா." அவன் கத்தியைக் கீழே போட்டுடறான். அவ்வளவுதான்.

இதுல என்ன தப்பு? நீயே சொல்லு. இல்ல, அப்புறம் சொல்லு.

முப்பது வருஷமா டப்பிங் பேசறேன். செண்பகவல்லின்னா எந்த ஸ்டுடியோவுலயும் தெரியும். ஆனா என்ன பேசியிருக்கேன்? செத்துப் போற அம்மா, ஊசி போடற நர்ஸ், "அடிப்பாவி, குடியைக் கெடுத்துட்டியே"ங்கற பக்கத்து வீட்டுக்காரி. ஒரு கதைக்கே நான்தான் குரல்னு ஆனது வேலம்மையிலதான். அதுலயும் அந்த அழுகை சீன். ஒரு நாள் முழுக்கப் பேசினேன். முதல் டேக்ல தொண்டை அடைச்சு, சத்தமே வரலை. ஏசியைக் கண்டபடி வச்சிருந்தாங்க. சுடுதண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி மறுபடி பேசினேன். கடைசியில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த டைரக்டர் ரெஜினால்டு கண்ணைத் துடைச்சாரு.

கேம் வெளிய வந்துச்சு. ரெண்டே நாள்ல ஆரம்பிச்சிட்டாங்க. "சீரியல் மாமியார் ஆக்கிட்டாங்க"ங்கறான் ஒருத்தன். "கதவை மூடினவ அழ மாட்டா. அழ வச்சு நம்மகிட்ட கண்ணீர் கறக்கப் பாக்கறாங்க"ங்கறான் இன்னொருத்தன். "முதல் பாகத்தையும் சேத்துக் கெடுத்துட்டாங்க"ன்னு ஒரு பொண்ணு அரை மணி நேரம் வீடியோ போடுது. எனக்கு ஆதரவாவும் பேசினாங்க, இல்லேன்னு சொல்லலை. "பெத்தவ மனசு மாறக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. ஆனா திட்டறவங்க எழுத்துல ஒரு ஜோடிப்பு இருந்துச்சும்மா. ஒரே மாதிரி வார்த்தை, ஒரே நேரத்துல. யாரோ பின்னாடி நின்னு தூண்டி விடறாங்கன்னு எனக்கு அப்பவே பட்டுது.

முதல்ல இந்திராணி மேலதான் சந்தேகம். வேலம்மைக்குக் குரல் குடுக்க அவளும் வந்து பேசிக் காட்டினவ. முறுக்கு எடுத்துட்டு அவ வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்குல கேமைப் பத்தி எடுத்தேன். "எந்த கேமுடி?"ங்கறா. அவ ஃபோன்ல பட்டன்தான் இருக்கு. அதையும் வாங்கித் திருப்பிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அப்புறம் ரெஜினால்டு. ஃபோன் போட்டா, "விடுங்கக்கா, திட்டறாங்கன்னா விளையாடறாங்கன்னுதானே அர்த்தம்"ங்கறாரு. சிரிக்க வேற சிரிச்சாரு. ஏன் சிரிக்கணும்? சரி, அவரும் இல்லேன்னு அப்புறம் தெரிஞ்சுது.

நேரா உள்ள போயிப் பாத்துடுவோம்னு நானே அந்த ரசிகர் குரூப்ல சேந்தேன். என் பேர்ல சேர முடியுமா? விக்கின்னு சேந்தேன். வயசு இருபத்திரெண்டுன்னு போட்டேன். எல்லாரையும் "ப்ரோ, ப்ரோ"ன்னு கூப்பிட்டேன். ஏன் சிரிக்கறே? ஒளிஞ்சிருந்து எழுதறவங்களைப் பிடிக்கணும்னா நாமளும் கொஞ்சம் மறைவா நிக்க வேண்டாமா?

அங்கதான் இந்த உப்புக்காத்து. பேர் உப்புக்காத்து. நம்பர் கிடையாது, ஃபோட்டோ கிடையாது. மத்தவங்க மாதிரி கேலி பண்ண மாட்டான். நிதானமா எழுதுவான். அதுதான் எனக்கு ஆகலை.

"வேலம்மை அழுதது தப்பில்லை. அவ்வளவு சுலபமா அழுததுதான் தப்பு"ன்னு எழுதியிருந்தான்.

நான் விட்டேனா? "ப்ரோ, பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பாக்கறா, அழாம என்ன பண்ணுவா?"ன்னு கேட்டேன்.

"பன்னெண்டு வருஷமா அழாதவளுக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும்"னான்.

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டாளே, இன்னும் என்ன வேணும்?"

"கால்ல விழறது சுலபம் விக்கி. கால்ல விழுந்தா அவன் முகத்தைப் பாக்க வேண்டாம்."

இப்படியே ஒரு மாசம். சமையல் பண்ணிட்டே எழுதுவேன். ரசம் பொங்கி வழியும். மத்தவங்கல்லாம் எங்களைப் படிக்கறதுக்குன்னே வர ஆரம்பிச்சாங்க. "விக்கி ப்ரோ, விடாதீங்க"ன்னு எனக்கு ஒரு கூட்டமே சேந்துச்சு. ஊருக்காகத்தானே வேலம்மை மூடினான்னு நான் கேட்டா, "அது அவ சொல்ற கணக்கு. வெளிய நின்னவன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"ங்கறான். வாயடைச்சுப் போச்சுன்னு நினைக்காதே, அதுக்கும் பதில் குடுத்தேன். என்ன குடுத்தேன்னு இப்ப ஞாபகம் இல்லை.

ஒரு நாள் அவன் எழுதினான் பாரு. அதை நான் மனப்பாடமா வச்சிருக்கேன். "கதவை மூடினப்புறம் கோட்டைக்குள்ள என்ன நடந்திருக்கும்? எம்புள்ளை எங்கேன்னு அவ புருஷன் கேட்டிருப்பான். வந்துட்டிருக்கான்னு பொய் சொல்லியிருப்பா. அந்தப் பொய்யைக் காட்டாம அழுகையை மட்டும் காட்டினா எப்படி நம்பறது?"

கரண்டியைக் கீழே வச்சிட்டேன்.

வேலம்மைக்குக் கதையில புருஷனே கிடையாதும்மா. இவன் எங்கேருந்து புருஷனைக் கொண்டு வரான்? வந்துட்டிருக்கான்னு சொன்னது யாரு? நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம்கிட்ட, ஆஸ்பத்திரியில, நான் சொன்னேன். அது தெரிஞ்சவன் உலகத்துலயே ஒருத்தன்தான்.

என் மகன் சத்தியசீலன். சீலன்னு கூப்பிடுவோம். ஒசூர்ல கம்பெனியில இருக்கான். அவனைப் பாத்துட்டுத்தான் இப்ப வரேன்.

சொல்றேன், நடந்ததைச் சொன்னாத்தான் புரியும். அவங்கப்பாவுக்கு நுரையீரல்ல தண்ணி சேந்து படுத்துட்டாரு. சீலன் அப்ப புனேவுல. பெரிய கம்பெனி, ஒரு வாரம் பரீட்சை, இன்டர்வியூ, எல்லாம் அங்கேயே தங்கி. அதுக்காக அவன் படிச்ச படிப்பு எனக்குத்தான் தெரியும். நடுவுல ஃபோன் பண்ணி "அப்பா எங்கே?"ன்னு கேப்பான். "சளிடா, தூங்கறாரு"ன்னேன். இந்தப் பக்கம் இவர், கதவு ஆடினாப் போதும், "சீலனா?"ம்பாரு. "வந்துட்டிருக்கான்"ம்பேன். "எது வரைக்கும் வந்திருக்கான்?"னு கேப்பாரு. ரயில் எங்கே வருதுன்னு ஒவ்வொரு ஊராச் சொல்லிட்டிருந்தேன். வேற என்ன பண்றது? கடைசி இன்டர்வியூ முடிஞ்சப்புறம்தான் சீலனுக்குச் சொன்னேன். அவன் வந்து சேந்தப்போ இவரைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க.

வேலை கிடைச்சுதா இல்லையா? கிடைச்சுது. அதே கம்பெனியிலதான் இப்ப ஒசூர்ல இருக்கான். அன்னிக்கு அவன் ஓடி வந்திருந்தா டாக்டர் பண்ண முடியாததை இவன் பண்ணியிருப்பானா? நல்லதுக்குத்தானேம்மா எல்லாம். காரியத்தன்னிக்கு அந்த வார்டு ஆயா துக்கம் கேக்க வந்தவ, வந்த வேலையைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே? "உன் பேரைச் சொல்லிட்டேதான்பா இருந்தாரு. அம்மா ஊர் ஊராச் சொல்லிச் சமாளிச்சாங்க"ன்னு அவன்கிட்ட சொல்லிட்டா. அவன் சண்டை கூடப் போடலை. எழுந்து மாடிக்குப் போயிட்டான். அதுலேருந்து பொங்கலுக்கு ஒரு ஃபோன், தீபாவளிக்கு ஒரு ஃபோன். "நல்லாருக்கியா, நல்லாருக்கேன்." கல்யாணத்துல கூட என் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டான், ஒரு வார்த்தை பேசலை.

அப்ப உப்புக்காத்து யாரு? அந்த ஆயாவா கேம் விளையாடப் போறா? வேற யாரா இருக்க முடியும்? என்னோட நேராப் பேச மனசில்லை, முகத்தை மறைச்சிக்கிட்டு ஒரு மாசமா என்னைக் குத்திட்டிருக்கான். இன்னிக்குக் காலையில முதல் பஸ் பிடிச்சேன். சொல்லிட்டுப் போகலை. சொன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவான்ல?

மருமக வினோதினிதான் கதவைத் திறந்தா. "அத்தே, வாங்க"ன்னு சிரிச்சா. கொஞ்சம் அதிகமாவே சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவன் உள்ள மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணிட்டிருந்தான்.

"என்னம்மா, சொல்லாம வந்துட்டே?"

"உப்புக்காத்து யாருடா?"

"யாரு?"

"நடிக்காதே. முப்பது வருஷமா நடிக்கறவங்களுக்குக் குரல் குடுக்கறவ நான்."

அவன் வினோதினியைப் பாத்தான், அவ இவனைப் பாத்தா. நான் ஃபோனைக் காட்டினேன், படிச்சேன், எல்லாத்தையும் சொன்னேன். விக்கி நான்தான்னும் சொன்னேன். வினோதினி வாயைப் பொத்திக்கிட்டு சமையல்கட்டுக்குப் போனா, சிரிக்கத்தான்.

அவன் கையில இருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவா வச்சான். "நான் எழுதலைம்மா. அந்த கேமை நான் பாத்தது கூட இல்லை."

"ஃபோனைக் குடு."

குடுத்துட்டான். லாக் எடுத்தே குடுத்தான். நான் பாத்தேன். பெத்தவ பாக்கக் கூடாதா? கம்பெனி சமாசாரம், பால் கணக்கு, வினோதினி அனுப்பின கோலம் ஃபோட்டோ. ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லாததே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. துடைச்சு வச்ச மாதிரி.

"அது என்ன சீன்?"னு கேட்டான். "போடு, பாக்கலாம்."

என் ஃபோன்லயே வச்சிருந்தேன், போட்டேன். அவன் நின்னுட்டே பாத்தான். பாத்தான்னு சொல்ல முடியாது, தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டான். என் அழுகை அந்த ஹால் முழுக்க. சமையல்கட்டு வாசல்ல வினோதினி கரண்டியோட வந்து நின்னுட்டா, இப்ப சிரிப்பு இல்லை. "மூடினது என் கைதான்டா. மன்னிச்சிடுடா." முடிஞ்சுது.

"நல்லாப் பேசியிருக்கே"ன்னான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அத்தனை வருஷத்துல அவன் என் வேலையைப் பத்திச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

"எவ்வளவு நேரம் பேசினே?"

"ஒரு நாள் முழுக்கடா."

"ஒரு நாள் முழுக்க, இதையேவா?"

"ஆமா. திரும்பத் திரும்ப."

அவன் என்னை நிமிந்து பாத்தான். "எனக்கு ஒரு தடவை சொல்லும்மா."

நீயே சொல்லு, இது என்ன பேச்சு? அது டயலாக். எழுதிக் குடுத்தாங்க, பேசினேன். "அது வேலம்மைடா. அவ ஊருக்காக மூடினா. நான் உனக்காகத்தானே..."ன்னு ஆரம்பிச்சேன். அவன் கையைத் தூக்கி நிறுத்திட்டான். கோபமா இல்லை. ரொம்ப மெதுவா.

"சரிம்மா. பஸ் எப்போ?"

சாப்பிட்டுட்டுப் போங்கன்னு வினோதினி கெஞ்சினா. சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தெரியாது. வண்டியில கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டுல விட்டான். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான். "போனதும் மெசேஜ் போடு"ன்னுட்டுப் போயிட்டான். திரும்பிப் பாப்பான்னு பாத்தேன். வண்டியில போறவன் எப்படித் திரும்பிப் பாப்பான், விழுந்துட மாட்டானா?

எனக்கு ஆத்திரம் அடங்கலை. அந்த பெஞ்சுலயே உக்காந்து குரூப்ல எழுதினேன். "உப்புக்காத்து, ஒளிஞ்சு விளையாடினது போதும். நீ சீலன்தானே? ஆமான்னு சொல்லிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பதில் எனக்குத் தனியா வந்துச்சு. எழுத்தா இல்லை, குரலா. இரு, போட்டுக் காட்டறேன். இந்தப் பக்கம் காதை வை.

கேட்டியா? பொம்பளைக் குரல். என் வயசுதான் இருக்கும். "விக்கி தம்பி, சீலன்னு யாரையும் எனக்குத் தெரியாதுப்பா. நான் தூத்துக்குடியில இருக்கேன். எம் மக வேற சாதியில கலியாணம் பண்ணிக்கிட்டா. நான் போகல. அவ அப்பாவுக்கும் தெரியாம பத்திரிகைய ஒளிச்சு வச்சிட்டேன். அவுக கேக்கும்போதெல்லாம், வருவா, லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன். அவ விளையாடுத கம்ப்யூட்டர் வீட்டுலயே கெடந்துச்சு. பொழுது போகாம நான் விளையாட ஆரம்பிச்சேன். நாலு வருசமா அந்த ஒத்த வார்த்தைய என்னால சொல்ல முடியல தம்பி. நம்பர் இருக்கு, எடுத்து எடுத்து வச்சிருதேன். இந்தப் பொம்பள எப்படி அவ்வளவு லேசாச் சொல்லிட்டா? ஆத்தாமையா இருந்துச்சு. அதாம் எழுதினேன். உன் மனசைக் கஷ்டப்படுத்தியிருந்தா..." அங்க நிறுத்திட்டா பாரு.

சீலன் யாரையாவது வச்சுப் பேச வச்சிருப்பானோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். பொய் சொல்லலை, நினைச்சேன். ஆனா இது நடிப்பு இல்லைம்மா. நாங்க அழும்போது வார்த்தையை முடிச்சிட்டுத்தான் மூக்கை உறிஞ்சுவோம், வார்த்தை புரியணும்ல? இவ வார்த்தைக்கு நடுவுல உறிஞ்சறா. "கலியா"ன்னு சொல்லிட்டு உறிஞ்சிட்டு "ணம்"ங்கறா. அதை எந்த ஆர்ட்டிஸ்டும் செய்ய முடியாது. நானும் முடியாது.

அப்போலேருந்து பதில் போடாம வச்சிருக்கேன். கிருஷ்ணகிரி தாண்டியாச்சு, இன்னும் என்னென்னமோ எழுதி எழுதி அழிக்கறேன். விக்கியா எழுத மனசு வரலை. குரல்ல சொன்னா அவ கண்டுபிடிச்சிடுவா, மாசக்கணக்கா என் குரலைக் கேட்டவ.

கண்டுபிடிக்கட்டுமே. இதுல எங்கே அழுத்தணும்? இங்கயா? அழுத்திட்டே பேசணுமா? நீ கொஞ்சம் பிடிச்சுக்க, பஸ் ஆடுது. அண்ணே, ஒரு நிமிஷம் இருமாதீங்க.

"அம்மா, நான் விக்கி இல்லை. செண்பகவல்லி. வேலம்மைக்குக் குரல் குடுத்தவ. ஒரு மாசமா உங்ககூடச் சண்டை போட்டது நான்தான். நீங்க எழுதினதுதான் சரி. வேலம்மை அப்படி மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டா. அவளால முடியாது. இன்னிக்கு என் மகன் எதிர்ல நின்னு, ஒரு தடவை சொல்லும்மான்னு கேட்டான். நான் நின்னேன். வரலைம்மா. எனக்கு வரலை."

விட்டுட்டேன். போயிடுச்சா? டிக் விழுந்துச்சா? நல்லது.

கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அது அவளுக்குத்தானே போச்சு? மேல சீலன் பேரும் இருந்துச்சு, போனதும் மெசேஜ் போடுன்னான்ல, அதுக்காக எடுத்து வச்சிருந்தேன். கை தவறி அவனுக்குப் போயிடலியே?

போகலையா. அப்பாடா. நல்லவேளை.

நல்லாப் பாத்தியா? நிஜமாவே போகலை?